ஸ்டெப் சீக்வென்சரா, பியானோ ரோலா?

மின்னிசையில் நோட்டுகளை அடுக்கும் இந்த இரண்டு முறைகளும் செய்வது ஒரே வேலைதான். எந்த நோட், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்பதை மிடி (மின்னிசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) கட்டளைகளாக சின்தசைசருக்கோ, பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கும் சாம்ப்ளருக்கோ அனுப்புவது. மிடியில் ஒலியே கிடையாது. நோட் ஆன், நோட் ஆஃப், 0 முதல் 127 வரை நோட் எண், அழுத்தத்தைச் சொல்லும் வெலாசிட்டி, 16 சேனல். 1983-ல் அறிமுகமான இந்த அடிப்படைதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வித்தியாசம், நேரத்தை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில். ஸ்டெப் சீக்வென்சர் நான்கு பீட் கொண்ட ஒரு பாரை 16 கட்டங்களாக (ஸ்டெப்) வெட்டித் தருகிறது. 1980-ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் முன்பக்கத்தில் வரிசையாக இருக்கும் 16 பட்டன்கள் இதற்குத்தான். பியானோ ரோலில் மேலும் கீழும் சுருதி, இடமிருந்து வலமாக நேரம். நோட் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளக் கோடு.

கணக்காகப் பார்ப்போம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) வேகத்தில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். அதைக் காலாக்கினால் ஒரு ஸ்டெப் 125 மில்லிசெகண்ட். பீட்டை 960 நுண்பகுதிகளாக, அதாவது டிக்குகளாக, வெட்டும் மென்பொருளின் பியானோ ரோலில் ஒரு டிக் அரை மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டின் ஒலியைப் பத்து மில்லிசெகண்ட் பின்னால் தள்ளி ஒரு சோம்பலான நடை வேண்டுமானால் பியானோ ரோலில் இழுத்து வைத்துவிடலாம். ஸ்டெப் சீக்வென்சரில் பெரும்பாலும் ஸ்விங்தான் கைகொடுக்கும். ரோஜர் லின் தன் டிரம் மெஷின்களில் கொண்டுவந்த முறை அது. இரட்டைப்படை ஸ்டெப்களை மட்டும் தாமதப்படுத்துகிறது. இரண்டு ஸ்டெப் நேரத்தில் முதலாவதின் பங்கு 50 சதவீதம் என்றால் நேர்நடை, 66 அருகே போனால் மும்மைச் சாயல்.

அதனால் பியானோ ரோல்தான் மேல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பலர் கீபோர்டில் உயிரோடு வாசித்துப் பதிவுசெய்துவிட்டு, உடனே முழுக்க குவாண்டைஸ் செய்கிறார்கள். எல்லா நோட்டும் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் எதற்கு வாசித்தார்கள்? குவாண்டைஸ் பலத்தை 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். தவறு சரியாகும், கையின் சாயலும் மிஞ்சும்.

தாளத்துக்கு என் ஓட்டு ஸ்டெப் சீக்வென்சருக்கே, குறிப்பாக நம் நடைகளுக்கு. 16 கட்டம் என்பது பீட்டுக்கு நான்கு அடி வரும் சதுஸ்ர நடைக்கு அப்படியே பொருந்துகிறது. நான்கு பீட்டுக்குத் திஸ்ரம் (பீட்டுக்கு மூன்று) வேண்டுமானால் பேட்டர்ன் நீளத்தை 12 ஆக்குங்கள், கண்டத்துக்கு (பீட்டுக்கு ஐந்து) 20. அப்புறம் வேகத்தைத் திருத்த வேண்டும், ஏனென்றால் இயந்திரம் இன்னும் நான்கு ஸ்டெப்பை ஒரு பீட்டாகத்தான் எண்ணுகிறது. 80 பிபிஎம்மில் கண்டம் கேட்க டெம்போவை 100 என்று வையுங்கள், திஸ்ரத்துக்கு 60. டிராக் தோறும் தனி நீளம் வைக்க விடும் சீக்வென்சர் இருந்தால் இன்னும் சுவாரசியம். கிக் 16, ஷேக்கர் 12 என்று ஓடவிட்டால் 48-ஆவது ஸ்டெப் முடிந்த பிறகுதான் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். பியானோ ரோலில் இதையே வரையலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றையும் கையால் நகலெடுத்து ஒட்ட வேண்டும். காதுக்கு வேலை குறைந்து கண்ணுக்கு வேலை கூடிவிடுகிறது.

மெலடி என்று வந்தால் பியானோ ரோல்தான், தயங்கவே வேண்டாம். கமகத்தைக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. பியானோ ரோலின் கீழே, சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளைக்கான வளைவை வரைய இடம் இருக்கும். 16,384 படிகள், அசைவு வழுவழுப்பாகவே கேட்கும். ஆனால் பல சின்தசைசர்களில் அதன் வீச்சு மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் அமைந்திருக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கும் நீண்ட ஜாருவுக்கு அது போதாது, 12 ஆக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிட்ச் பெண்ட் ஒரு நோட்டை மட்டும் வளைப்பதில்லை, அந்தச் சேனல் முழுவதையும் வளைக்கும். சுருதி பிடிக்கும் நோட்டை வேறு சேனலில் வைக்காவிட்டால் அதுவும் சேர்ந்து ஆடும். 2018-ல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற மிடி நீட்சி முறை ஒவ்வொரு நோட்டுக்கும் தனிச் சேனல் கொடுத்து இதைத் தீர்க்கிறது, உங்கள் சின்தசைசர் அதை ஆதரித்தால்.

எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் இரண்டும் உண்டு. தாளத்தை ஸ்டெப்பில் அடித்து, நடை காதுக்குப் பிடித்த பிறகு அந்தச் சேனலைப் பியானோ ரோலுக்கு அனுப்பி, தள்ள வேண்டிய நோட்டுகளை மட்டும் தள்ளலாம். ஸ்நேரை முதலில் தொடுங்கள், கிக்கை அப்படியே விடுங்கள்.