திராட்சையில் பூஞ்சைக்கொல்லி எச்சம்: எந்தச் சோதனை நிஜமாகவே பசுமை?

கோயம்பேட்டில் வாங்கிய பன்னீர் திராட்சைக் கொத்தைத் திருப்பிப் பாருங்கள். பழத்தின்மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது அதன் சொந்த மெழுகு. விரல் பட்டால் மறையும். காம்படியில் திட்டுத்திட்டாகக் காய்ந்து ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் அடிச்சாம்பல் நோய்க்கு அடித்த மருந்து. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் அந்த மருந்தின் எச்சத்தைத் தேடுவதுதான் என் வேலை. நஞ்சைத் தேடப் போய் நாமே நஞ்சைக் கொட்டக் கூடாது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

பழைய முறையில் எச்சத்தைப் பழத்திலிருந்து கரைத்தெடுக்க, 100 கிராம் மாதிரிக்கு 200 மில்லி அசிட்டோன் என்ற கரைப்பான் போகும். அதற்குமேல் டைகுளோரோமீத்தேன் வேறு. 2003-இல் வந்த கேச்சர்ஸ் முறை அதை அடியோடு மாற்றியது. 10 கிராம் பழக்கூழ், 10 மில்லி அசிட்டோநைட்ரைல், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு. மெக்னீசியம் சல்பேட்டைப் போட்டதும் குழாய் கையில் சுடும்; அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும் சூடு. குலுக்கிச் சுழற்றி, மேலே தெளிந்ததைச் சுத்திகரித்து எடுத்தால் கார்பெண்டசிம், டெபுகோனசோல், அசாக்சிஸ்ட்ரோபின் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் எல்லாம் அளக்கும் கருவியின் ஒரே ஓட்டத்தில் பிடிபடும். ஆனால் அசிட்டோநைட்ரைல் நச்சுதான். அதன் கழிவைத் தனியாகப் பிடித்துத்தான் அழிக்க வேண்டும்.

அந்த 10 மில்லியையும் குறைக்க வந்தது 2006-இன் நுண்துளிப் பிரிப்பு. பிரித்தெடுக்கும் கரைப்பான் சில பத்து மைக்ரோலிட்டர் போதும். முதலில் இதற்குக் குளோரின் கலந்த கரைப்பான்களையே எடுத்தார்கள். அளவு குறைந்தது, நஞ்சு குறையவில்லை. இப்போது அந்த இடத்துக்கு யூடெக்டிக் கரைப்பான்கள் வருகின்றன. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். புதினா உப்பையும் ஓம உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் ஒன்றாகப் போட்டால் அடுப்பே இல்லாமல் உருகி நீராகுமே, நம் வீட்டு மின்சாரத் தைலம், அதே தத்துவம்தான். புதினா உப்பு மெந்தால், ஓம உப்பு தைமால். இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கலக்காத திரவமாகி எச்சத்தை இழுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. குறை, அதை அப்படியே கருவிக்குள் செலுத்த முடியாது. மெத்தனாலிலோ அசிட்டோநைட்ரைலிலோ நீர்த்துத்தான் செலுத்த வேண்டும்.

கரைப்பானே வேண்டாம், பூச்சுப் பூசிய மெல்லிய இழையிலேயே எச்சத்தை ஒட்டவைத்து எடுக்கலாம் என்பது 1990-இல் வந்த நுண்ணிழை முறை. ஆவியாகும் பொருள்களுக்கு அருமை. எளிதில் ஆவியாகாத கார்பெண்டசிமுக்குச் சரிப்படாது. இழை ஒடிந்தால் செலவும் கனம்.

வெள்ளி நுண்துகளை வைத்து, லேசர் ஒளி பட்டுச் சிதறும் விதத்தில் பொருளை அடையாளம் காணும் ராமன் முறை சந்தையிலேயே, சில நிமிடங்களில் செய்யக்கூடியது. கந்தகம் உள்ள தைரம் என்ற பூஞ்சைக்கொல்லி வெள்ளியை இறுகப் பற்றுவதால் நன்றாகத் தெரியும். ஆனால் தோலைத் துடைத்துப் பார்த்தால் தோலில் இருப்பது மட்டும்தான் கிடைக்கும். டெபுகோனசோல் போல உள்ளே ஊடுருவும் மருந்துக்கு அது போதாது. முதல்கட்ட வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் எல்லோரும் மறப்பது மின்சாரம். எச்சத்தை அளக்கும் பெரிய கருவியின் வெற்றிடப் பம்பு இரவிலும் நிற்காது. சென்னை வெயிலில் அந்த அறையின் ஏசியும் நிற்காது. பிரித்தெடுப்பு சரியில்லாமல் ஒரு மாதிரியைத் திரும்ப ஓட்டினால், மிச்சம் பிடித்த கரைப்பானின் பலன் அதிலேயே போய்விடும். அதனால் தினசரி வேலைக்கு என் தேர்வு, 2 கிராம், 2 மில்லி என்று சுருக்கிய கேச்சர்ஸ். ஒரு நிபந்தனை: ஒரு திராட்சையே 2 கிராமுக்கு மேல் இருக்கும். ஆகவே கிலோக்கணக்கில் எடுத்து, உலர்பனியோடு சேர்த்து மாவுபோல அரைத்த பிறகுதான் அந்த 2 கிராமை அள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் காம்படித் திட்டு மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியாக இருந்தால், கேச்சர்ஸோ மெந்தாலோ அதைப் பிடிக்காது. தண்ணீரிலும் கரையாது, கரைப்பானிலும் கரையாது. ஸ்டேனஸ் குளோரைடு சேர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, கிளம்பும் கார்பன் டைசல்பைடை அளக்க வேண்டும். அதற்கு இன்னும் தனிக் குடுவை, தனி நாள்.