பெரிய பீப்பாயா, சின்ன பீப்பாயா: ஒரு பரோலோ வாங்கிய கதை

எங்கள் திருமணம் 2016-ல். அதே ஆண்டு விளைந்த பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு வைன் ஒன்றை வாங்கி, இருபதாவது திருமண நாள்வரை திறக்காமல் வைப்பது என்று நானும் மனைவியும் பேசிவைத்திருந்தோம். 2016 பரோலோவுக்கு அருமையான விளைச்சல் ஆண்டு. அதனால் யோசிக்க வேண்டியிருந்தது எந்த வீட்டு வைன் என்பது மட்டும்தான். கடைசியில் இரண்டு குடும்பங்கள் மிஞ்சின. பரோலோ ஊருக்குள்ளேயே வைன் செய்யும் பர்தோலோ மஸ்கரெல்லோ குடும்பம் ஒன்று, பக்கத்து லா மோர்ராவின் எலியோ அல்தாரே குடும்பம் இன்னொன்று.

இரண்டும் வடமேற்கு இத்தாலியின் பியமோந்தேயில் இருக்கின்றன. இரண்டிலும் அதே நெபியோலோ திராட்சைதான். சட்டமும் ஒன்றே: 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். பீப்பாய் எவ்வளவு பெரியது என்பதைச் சட்டம் அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. சண்டை மூண்டதும் அதில்தான். பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அல்தாரே, 1983-ல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டார். 225 லிட்டர் பிடிக்கும் 'பாரிக்' என்ற பிரெஞ்சுப் பீப்பாய்களை இறக்கினார். அப்பா அவருக்குச் சொத்தே இல்லை என்று எழுதிவிட்டார். மறுபக்கம் பர்தோலோ, 'நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி' (பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம்) என்று கையால் வரைந்து லேபிளாகவே ஒட்டினார். இன்று இரண்டு வீட்டிலும் பொறுப்பில் இருப்பது மகள்கள்.

திராட்சைத் தோலைச் சாற்றில் ஊறவைக்கும் காலம், தோட்டங்களைக் கலப்பதா தனித்தனியாக வைப்பதா என்பதிலும் வேறுபாடு உண்டு. அல்தாரே வீட்டில் சுழலும் தொட்டியில் நாலைந்து நாளில் முடிக்கிறார்கள். மஸ்கரெல்லோ சிமெண்டுத் தொட்டியில் தோலோடு ஒரு மாதத்துக்கும் மேல் விடுகிறார்கள். பல தோட்டத்துப் பழத்தையும் கலந்து ஒரே பரோலோதான் செய்கிறார்கள்.

எனக்கு முடிவைச் சொன்னது மரம்தான். 5,000 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், 225 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டர் வைனுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு மரப்பரப்பு படுகிறது. அதோடு பாரிக்கின் உள்பக்கத்தைத் தீயில் வாட்டியிருப்பார்கள். புது மரமும் அந்தச் சூடும் சேர்ந்துதான் வெனிலா, கிராம்பு வாசனையைக் கொடுக்கின்றன. இரண்டு மூன்று முறை வைன் ஊற்றினால் அந்த வாசனை தீர்ந்துவிடும். அது வேண்டும் என்றால் புதுப் பீப்பாய் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குரோவேஷியாவின் ஸ்லாவோனியா பகுதி ஓக் மரத்தில் செய்த பெரிய பீப்பாயோ பல பத்தாண்டுகள் உழைக்கும். முன்பக்கம் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். ஆள் ஒருவர் தோளை ஒடுக்கி அதற்குள் நுழைந்து, சுவரில் படிந்த உப்புப் படிகத்தைச் சுரண்டிக் கழுவுவார். அப்படிக் கழுவிக் கழுவிப் பழகிய மரம் வைனுக்குத் தன் வாசனையைக் கொடுப்பதில்லை, மெதுவாக மூச்சுவிட மட்டும் வழிசெய்கிறது. இருபது வருடம் கழித்துத் திறக்கும்போது எனக்கு வேண்டியது நெபியோலோவின் ரோஜா வாசமும் தார் வாசமும். வெனிலா வேண்டாம்.

அல்தாரே பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊரில் பல நிலவறைகளில் அழுக்கேறிய பழைய பீப்பாய்கள் வைனைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சுத்தத்தை ஒரு பழக்கமாக்கியதில் அவர் தலைமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. வாங்கிய சில வருடத்திலேயே குடிக்கப்போகிறீர்கள் என்றால் நான் அவருடையதைத்தான் சொல்வேன். இளம் பரோலோ பழைய முறையில் செய்ததாக இருந்தால், பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி துவர்ப்பு ஈறைப் பிடிக்கும். அவருடையது வழுவழுவென்று இறங்கும். விலையிலும் மஸ்கரெல்லோ எட்டாத உயரம். குறைவாகத்தான் செய்கிறார்கள், சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் குடித்ததில் மிக வயதான பரோலோவுக்குப் பதினைந்து வயதுதான், அதுவும் பெரிய பீப்பாயில் வளர்ந்தது. நன்கு முதிர்ந்த பாரிக் பரோலோவை நான் சுவைத்ததில்லை. அந்த வெனிலா வருடங்களில் கரைந்து பழத்தோடு சேர்ந்துவிடும் என்று அதை விரும்புகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

சரி, வாங்கியது மஸ்கரெல்லோ, ஒரே ஒரு பாட்டில். கார்க் காயாமல் இருக்கப் படுக்கவைத்து, வைன் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். கழுத்தில் கட்டிய சீட்டில் மனைவி 2036 என்று எழுதியிருக்கிறாள்.