‘60’ என்ற எண்ணுக்குள் குடும்பப் படங்கள்: இந்த வேலைக்கு கிம்ப் 3.0 எப்படி?

மணிவிழாவுக்கு ‘60’, திருமண நாளுக்கு இதயம், முதல் பிறந்தநாளுக்குக் குழந்தையின் பெயரில் முதலெழுத்து. இப்படி ஒரு வடிவத்துக்குள் படங்களை நிரப்பி ஃப்ரேம் போட மாதச் சந்தா மென்பொருள் தேவையில்லை. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 என்ற படத்திருத்த மென்பொருள் இலவசமாகவே சுத்தமாக முடித்துத் தருகிறது. ஆனால் படங்களைத் தானாக அடுக்கித் தராது. அந்தப் பாடு முழுக்க நம்முடையது.

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 18க்கு 12 அங்குலத் தாள், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் கான்வாஸ், அதாவது வேலை செய்யும் முழுப் பரப்பு, 5400 x 3600 பிக்சல். ஒரு படத்துக்கு ஒன்றரை அங்குலச் சதுரம், அதாவது 450 பிக்சல். குறுக்கே 12, நெடுக்கே 8, ஆக 96 கட்டங்கள். ‘60’ வடிவத்துக்கு வெளியே முழுதாக விழும் கட்டங்களைக் காலியாக விடலாம் என்பதால் அத்தனை படம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படம் சிறியது என்று ஒதுக்கவும் வேண்டாம். 1600 பிக்சல் நீளப் படம் இந்தக் கட்டத்துக்குத் தாராளம்.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் வேலை, படங்களை முன்கூட்டியே வெட்டிச் சுருக்குவது. 4000 x 3000 படம் ஒன்றை லேயராக (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் தனி அடுக்காக) திறந்தால் நினைவகத்தில் ஏறக்குறைய 48 எம்பி. அப்படி 60 படம் என்றால் கிட்டத்தட்ட 2.9 ஜிபி, 4 ஜிபி ரேம் உள்ள கணினி அங்கேயே படுத்துவிடும். 450 x 450 ஆகச் சுருக்கினால் படத்துக்கு ஒரு எம்பிகூட வராது. மொத்தமாகச் சுருக்க இர்ஃபான்வியூ போன்ற மென்பொருள்கள் உண்டு; ஆனால் தானியங்கி வெட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், செங்குத்துப் படங்களில் தலை போய்விடும். கிராப் கருவியில் விகிதத்தை 1:1 என்று பூட்டி, முகத்தைப் பார்த்துக் கையால் வெட்டுவதே சரி. அளவு மிகச் சரியாக 450 இருக்கட்டும். 449 ஆனால் அந்த ஒரு பிக்சல் அச்சில் வெள்ளை மயிர்க்கோடாகத் தெரியும்.

இனி வடிவம். நல்ல தடித்த எழுத்துருவில் 60 என்று அடித்து, அளவை 4000 பிக்சலில் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். கோடு மூன்று அங்குலமாவது தடித்திருந்தால்தான் குறுக்கே இரண்டு படம் நிற்கும். பிறகு டெக்ஸ்ட் லேயரைப் பாத்தாக, அதாவது வெறும் வெளிக்கோடாக மாற்றி, பாத் பட்டியலில் அதன் கண் குறியைத் திறந்து, லேயரை மறைத்துவிடுங்கள். இப்போது திரையில் எண்ணின் வெளிக்கோடு மட்டும் நிற்கும். எந்தக் கட்டம் முழுசாக உள்ளே, எது பாதி வெட்டுப்படும் என்று படம் வைக்கும்போதே தெரியும். மூவ் கருவியின் கையில் சிக்கித் தொல்லை கொடுக்கவும் செய்யாது.

ஒரு லேயர் குரூப் உருவாக்கி, அதற்கு உள்ளேயே அடியில் முழு கான்வாஸ் அளவுக்கு ஒரு வெள்ளை லேயர் போடுங்கள். குரூப்பின் எல்லை உள்ளே இருக்கும் லேயர்களைப் பொறுத்து மாறும். கடைசியில் குரூப்புக்குப் போடப்போகும் மாஸ்க்கின் (வடிவத்துக்கு வெளியே உள்ளதை மறைக்கும் திரையின்) அளவும் அதோடு சேர்ந்து மாறும். இந்த வெள்ளை லேயர் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

கட்ட இடைவெளியை 450 என்று அமைத்து, ‘ஸ்நாப் டு கிரிட்’டை வியூ மெனுவில் இயக்கியபின், படங்களைக் கண்ட்ரோல்-ஆல்ட்-ஓ மூலம் மொத்தமாக லேயர்களாகத் திறக்கலாம். படம் சாய்ந்திருக்கிறது, திருப்பவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் எரிச்சல் வரும். ப்ரெஃபரன்ஸஸில் மெட்டாடேட்டா சுழற்சியை எப்போதும் திருப்பும்படி முன்பே மாற்றிவிடுங்கள். 3.0இன் அருமை இந்த இடத்தில்தான். ஷிஃப்ட் பிடித்துப் பல லேயர்களை ஒருசேரத் தேர்ந்து குரூப்புக்குள் தள்ளலாம். முந்தைய 2.10 பதிப்பில் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டியிருந்தது.

அடுக்கும்போது தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி முகங்கள் எல்லாம் முழுக் கட்டங்களுக்கு. வெட்டுப்படும் ஓரங்களுக்குக் கோபுரம், கோலம், பழைய வீட்டு வாசல், பட்டுப்புடவைக் கரை போன்ற படங்கள். ஓரத்தில் பாதி முகமாக நிற்கும் சித்தப்பா விழா முடிந்தும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எல்லாம் வைத்தபின், பாத்திலிருந்து செலக்‌ஷன் எடுத்து, குரூப்பைத் தேர்ந்து, ‘செலக்‌ஷன்’ என்ற தேர்வோடு லேயர் மாஸ்க் சேர்த்தால் வடிவம் வந்துவிட்டது. மாஸ்க் குரூப்பின் மேல் இருப்பதால் உள்ளே படங்களை எத்தனை முறையும் இடம் மாற்றலாம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக அழிப்பானால் வெட்டினால் இந்த வசதி போச்சு. விளிம்புக்கு, அதே செலக்‌ஷனை 12 பிக்சல் வளர்த்து, குரூப்புக்குக் கீழே தனி லேயரில் பொன்னிறம் நிரப்பி, அதற்கு டிராப் ஷேடோ கொடுங்கள். 3.0இல் இந்த நிழலைப் பிறகும் திறந்து திருத்தலாம்.

இதயத்துக்கும் இதே வழிதான், ♥ குறியை எழுத்தாக ஒட்டினால் போதும். கூரிய அடிமுனையில் மட்டும் எந்த முகத்தையும் வைக்காதீர்கள். தமிழ்ப் பெயர் முழுவதையும் வடிவமாக்குவது தோற்கும். கோடுகள் மெலிந்து படம் நூலாகிவிடும். ‘அ’ போல ஓர் எழுத்து மட்டும் நிற்கும். தமிழ் யூனிகோட் எழுத்துகள் கிம்ப்பில் உடையாமல் வருகின்றன. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறின.

குறை என்று பார்த்தால், சுருக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கினால் மங்கும். மூலப்படத்தை அப்படியே வைத்திருக்கும் போட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்ற பாதுகாப்பு 3.0இல் இல்லை. போட்டோஷாப்பில் கான்டாக்ட் ஷீட் கட்டங்களைத் தானே நிரப்பித் தரும், வாரம் நான்கு ஆர்டர் எடுப்பவருக்கு அந்தச் சந்தா நியாயம்தான். கேன்வாவில் எண் வடிவ ஃப்ரேம்கள் உண்டு, ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரே படம். கட்டத்தொகுப்பை முதலில் தனிப்படமாகச் செய்து உள்ளே போட வேண்டும்.

லேபுக்குக் கொடுக்கும்முன், எண்ணைச் சுற்றி அரை அங்குலமாவது காலி இடம் விடுங்கள், தாளை வெட்டும்போதும் ஃப்ரேம் மாட்டும்போதும் ஓரம் போகும். கோப்பு எஸ்ஆர்ஜிபி நிறத்தில், 95 தரத்தில் ஜேபெக். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் இடம் நிற்காது, அப்போதைய பின்னணி நிறம் அங்கே வந்து உட்காரும். ஏற்றுமதிக்கு முன் அந்த நிறம் கறுப்பாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேயர்களோடு சேமித்த கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை அழிக்காதீர்கள். ‘அத்தை படம் விட்டுப்போச்சே’ என்று மறுநாள் காலை போன் வரும்.