பர்போசாவா, பிரெஸ்ஸா: 1515-இன் இந்தியப் பெருங்கடலை அறிய யாரை முதலில் படிக்கலாம்?

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கிழக்கே எந்தத் துறையில் என்ன சரக்கு கிடைக்கும், அதை யார் கையில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் போர்த்துகீசியர்களுக்குச் சரியாகத் தெரியாது. அதற்கு அப்புறம் இருபது ஆண்டுகள் முடிவதற்குள்ளேயே அந்தக் கடலின் துறைமுகங்களை வரிசையாக விவரிக்கும் இரண்டு நூல்கள் எழுதப்பட்டுவிட்டன. ஒன்று துவார்த்தே பர்போசாவுடையது, 1516 வாக்கில் முடிந்தது. மற்றொன்று தோமே பிரெஸ் 1512-க்கும் 1515-க்கும் நடுவில் எழுதிய 'சுமா ஓரியெண்டால்'. இரண்டு பேரும் படைத்தலைவர்கள் அல்லர், கணக்கும் கடிதமும் எழுதிப் பிழைத்தவர்கள். அதனால்தான் இவர்களைப் படிக்கும்போது போர்க்களத்தை விடச் சந்தையும் தெருவும் நன்றாகத் தெரிகின்றன.

பர்போசா கண்ணூரில் இருந்த போர்த்துகீசியப் பண்டகசாலையில் எழுத்தர். அவருடைய உறவினர் கோன்சாலோ ஜில் பர்போசா 1500-இல் போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் கப்பற்படையோடு வந்து கொச்சியில் தங்கியவர். துவார்த்தே பல வருடங்கள் மலபாரிலேயே இருந்து மலையாளம் கற்றார். அந்த ஊர்க்காரர்களை விடவே நன்றாகப் பேசினார் என்று அக்கால வரலாற்றாசிரியர் காஸ்பார் கொரேயா பாராட்டுகிறார். இந்தியாவின் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்கேயோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1513 ஜனவரியில் கண்ணூரிலிருந்து மன்னர் மனுவேலுக்கே முறையிட்டுக் கடிதம் அனுப்பினார். மெகல்லனின் மைத்துனராக இருந்து 1521-இல் பிலிப்பைன்ஸின் செபுவில் கொல்லப்பட்ட துவார்த்தே பர்போசாவும் இவரும் ஒருவரே என்று பல நூல்களில் இன்றும் வருகிறது. அவர் வேறு ஆள் என்று ஆய்வாளர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மறுப்புதான் சரியாகப் படுகிறது.

மொழி தெரிந்தவர் என்பது அவர் நூலில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மலபாரின் சாதிகள், நாயர்களின் மருமக்கள் தாய முறை (தாய்வழிச் சொத்துரிமை), கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் அரண்மனை என்று ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம், சாமூதிரியின் எழுத்தர்களைப் பற்றிய பகுதி. நீண்ட, விறைப்பான பனையோலையில் இரும்பு எழுத்தாணியால், மை இல்லாமல், கீறியே எழுதுகிறார்கள் என்கிறார். வரவு செலவையும் நீதி விவகாரங்களையும் அவர்கள் எப்படிப் பதிந்துவைக்கிறார்கள் என்றும் கவனித்திருக்கிறார். ஓர் எழுத்தர் இன்னோர் ஊர் எழுத்தர்களைப் பார்க்கும் பார்வை அது. அதே வேலையைச் செய்பவருக்குத்தான் அதெல்லாம் கண்ணில் படும்.

பிரெஸ் வேறு வகை ஆள். போர்த்துகீசிய இளவரசர் அஃபோன்சோவுக்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர். 1511-இல் மருந்துச் சரக்குகளை வாங்கிச் சேர்க்கும் பொறுப்போடு இந்தியாவுக்கு வந்தார். அந்த ஆண்டுதான் அல்புகெர்க்கே மலாய் தீபகற்பத்தின் மலாக்காத் துறைமுகத்தைப் பிடித்தார். அடுத்த ஆண்டு பிரெஸ் அங்கே எழுத்தராகவும் கணக்கராகவும் அனுப்பப்பட்டார். 1513-இல் கிராம்பு வாங்க ஜாவாவுக்கும் போய்வந்தார். சரக்கு, எடை, வரி, காற்றுப் பருவம் இவைதான் அவருக்கு உயிர். மலாக்காவில் விலை எப்படி முடிவாகிறது என்று அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். கப்பல் வந்ததும் பத்து இருபது வணிகர்கள் கூடிப் பேசி மொத்தச் சரக்குக்கும் விலை வைக்கிறார்கள். மேற்கிலிருந்து, அதாவது குஜராத், சோழமண்டலம், வங்காளம், பெகு (பர்மா) பக்கமிருந்து வருபவர்களுக்கு நூற்றுக்கு ஆறு வரி. சீனா, ஜாவா போன்ற கிழக்குத் திசைக் கப்பல்களுக்கு அந்த வரி கிடையாது, காணிக்கை மட்டும்தான். அந்தத் துறையில் 84 மொழிகள் பேசப்படுவதுண்டு என்றும் எழுதுகிறார். தீமோரைச் சந்தனத்துக்கும், பாண்டாவை ஜாதிபத்திரிக்கும், மொலுக்காவைக் கிராம்புக்கும் கடவுள் படைத்தார் என்று மலாய் வணிகர்கள் சொல்வதை அப்படியே குறித்துவைத்திருக்கிறார்.

நம் ஊர்க்காரர்களைப் பற்றி இருவரும் எழுதுகிறார்கள், வித்தியாசம் அங்கே பளிச்சென்று தெரியும். மலாக்காவில் இருக்கும் சோழமண்டலச் செட்டிகளைப் பருத்த உடம்பும் பெரிய வயிறும் உள்ளவர்கள், இடுப்புக்கு மேல் துணி போடாதவர்கள் என்று பர்போசா வருணிக்கிறார். பிரெஸ்ஸுக்கு வயிறு பெரிதா என்பது பொருட்டில்லை. அந்த வணிகர்களின் துறைமுகங்களைக் காயல், அதிராம்பட்டினம், நாகூர், காரைக்கால், பழவேற்காடு என்று பட்டியல் போடுகிறார். அவர்கள் எந்த ஷாபந்தரின் (வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்கும் துறைமுக அதிகாரி) கீழ் வருகிறார்கள் என்றும் சொல்கிறார்.

ஆனால் ஒரு இடத்தில் பர்போசா என்னை உலுக்கிவிடுகிறார். சோழமண்டலம் வளமான நாடுதான், ஆனால் ஒரு வருடம் மழை பொய்த்தால் பெற்றோர் பிள்ளைகளை நான்கைந்து பணத்துக்கு (பணம் என்பது அக்காலச் சிறு நாணயம்) விற்கும் அளவுக்குப் பஞ்சம் வரும் என்கிறார். மலபார்க்காரர்கள் அரிசியும் தேங்காயும் ஏற்றிப் போய், திரும்பும்போது கப்பல் நிறைய அடிமைகளைக் கொண்டுவருவார்களாம். அந்தக் கப்பல்கள் திரும்பி வந்தது அவர் வேலை பார்த்த கடற்கரைக்குத்தான். பிரெஸ்ஸின் நூலில் எத்தனை விலை விவரம் இருந்தாலும் இப்படி ஒரு விலை இல்லை.

இருவரும் பேரரசின் ஊழியர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மலாக்காவை ஆள்பவனின் கை வெனிஸின் கழுத்தில் இருக்கிறது என்று எழுதியவர் பிரெஸ். இஸ்லாமியர் மீதான வெறுப்பும் அவர் எழுத்தில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. பர்போசாவிடமும் காழ்ப்பு உண்டு, ஆனால் குறைவு. விஜயநகரத்தில் யாரும் தம் சமயப்படி வாழலாம், யாரும் தொந்தரவு செய்வதில்லை என்று அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

எதை நம்புவது என்பதற்கு என் அளவுகோல் எளியது: எழுதியவர் அந்தத் துறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாரா? கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் பர்போசாவை நம்பலாம். மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் பிரெஸ்ஸை நம்பலாம். அதற்கு வெளியே இருவரும் காதில் விழுந்ததை எழுதுகிறார்கள். பத்துக் கப்பல்கள் இருந்தால் சீனக் கடற்கரை முழுவதையும் பிடித்துவிடலாம் என்று பிரெஸ் எழுதியது சீனாவைப் பார்ப்பதற்கு முன்னால். 1517-இல் அவரே தூதராகக் கான்டன் போனார். பெய்ஜிங் போக அனுமதி கிடைக்கவே 1520 ஆனது. 1521-இல் பேரரசர் செங்தே இறந்தார். மலாக்கா சுல்தானின் ஆட்கள் கொண்டுவந்த புகாரும், போர்த்துகீசியக் கப்பல் தலைவர் சிமாவ் ட அந்திராத கான்டன் அருகே செய்த அட்டூழியங்களும் சேர்ந்து தூது முறிந்தது. பிரெஸ் கான்டனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். 1524-இல் அங்கேயே இறந்தார் என்று உடன் சிறையிலிருந்த கிறிஸ்தோவாவ் வியெய்ராவின் கடிதம் சொல்கிறது. அவர் பல வருடம் கழித்தும் குடும்பத்தோடு வாழ்ந்தார் என்று போர்த்துகீசியப் பயணி மெந்தெஸ் பிண்டோ சொல்வதை நான் ஏற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் வியெய்ராதான்.

ஒன்றை மட்டும் படிக்க நேரம் என்றால், பிரெஸ் என்பேன். மனிதர்களைக் காட்டுவதில் பர்போசாதான் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மலபாரைப் பற்றிச் சொல்ல இப்னு பதூதா, மா ஹுவான், வர்த்தேமா என்று வேறு பயணிகளின் சாட்சிகள் இருக்கிறார்கள். போர்த்துகீசியர் கைக்குப் போன புதிதில் மலாக்காச் சந்தை எப்படி இயங்கியது என்பதற்கு பிரெஸ் அளவுக்கு விரிவான சாட்சி வேறில்லை. அந்த நூல் முழுதாகக் கிடைக்கவே நானூறு வருடங்களுக்கு மேல் ஆனது. பயண நூல்களைத் தொகுத்த இத்தாலியர் ரமுசியோ 1550-இல் ஒரு பகுதியைப் பெயரில்லாமல் அச்சிட்டார். முழுப் பிரதியை 1937-இல் அர்மாந்தோ கொர்தெசாவ் பாரிஸில் கண்டெடுத்து, 1944-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அதில் ஆறாம் பகுதியான மலாக்காவிலிருந்தே தொடங்குங்கள், வரிசைப்படி போக வேண்டியதில்லை. பிறகு டேம்ஸ் மொழிபெயர்த்த பர்போசாவில் கோழிக்கோடு, அப்புறம் சோழமண்டலம். சீனாவைப் பற்றி இருவரும் எழுதியதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.