கை மைக்கில் கண்டென்சர்: தெளிவும் ஃபேன் தொல்லையும்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ஹாம் (அமெச்சூர் வானொலி) பொழுதுபோக்குக்காகப் புதிதாக எச்எஃப், அதாவது சிற்றலை ரேடியோ வாங்கியிருக்கிறார். "கூட வந்த கை மைக்கே போதுமா சார், இல்லை உங்களை மாதிரி உள்ளே கண்டென்சர் மைக்கா மாத்திடலாமா?" என்று கேட்டார். 40 மீட்டர் அலைவரிசையில் காலை நேர நெரிசலில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

என் ரேடியோவோடு வந்தது டைனமிக் மைக், அதாவது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. கீழே விழுந்தாலும் அசராது, ஈரக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குரல் கட்டையாகப் போகும். நான் "கரூர்" என்று சொன்னால் எதிர்முனையில் "அரூர்" என்று குறித்துக்கொள்வார்கள். ஒருவர் இருவர் அல்ல, பலர். சிக்னலுக்கு ஃபைவ் நைன் (நன்றாகக் கேட்கிறது என்ற மதிப்பெண்) கொடுத்துவிட்டு ஊரை மட்டும் தப்பாக எழுதுகிறார்கள் என்றால் கோளாறு ஆண்டெனாவில் இல்லை, மைக்கில்தான்.

எஸ்எஸ்பியில், அதாவது சிற்றலையில் ஹாம்கள் பேசும் முறையில், நமக்குக் கிடைப்பதே சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 2.7 கிலோஹெர்ட்ஸ் வரைதான். குரலின் கனம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சொன்னது எந்த எழுத்து என்று காட்டிக்கொடுப்பது 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் பகுதி. மைக் அடிப்பகுதியை மட்டும் அள்ளிக் கொடுத்தால் ரேடியோ அனுப்பும் 100 வாட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். மீட்டர் நன்றாக ஆடும், பேச்சு மட்டும் புரியாது. ராக் கச்சேரிகளுக்கு ஒலி அமைத்த அமெரிக்க ஹாம் பாப் ஹீல் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தது இதைத்தான். அவருடைய எச்.சி-4 இன்செர்ட் (மைக்குக்குள் ஒலியைப் பிடிக்கும் பாகம்) 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும்படி செய்யப்பட்டது. அதை இங்கே வரவழைக்க ஆகும் செலவை நினைத்துத்தான் நான் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனேன்.

அங்கே கண்டென்சர் மைக் என்று கேட்டால் பட்டாணி அளவு எலக்ட்ரெட் (கண்டென்சரில் ஒரு வகை) கேப்ஸ்யூலை ஒரு டீ விலைக்குக் கொடுப்பார்கள். கை மைக்கைத் திறந்து, பழைய இன்செர்ட்டைக் கழற்றி, அதன் இடத்தில் இதைப் பொருத்தினேன். கேப்ஸ்யூலின் அடியில் இரண்டு பட்டைகள் இருக்கும். உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருப்பது கிரவுண்டு. இதற்கு உள்ளே எஃப்இடி என்ற சின்ன டிரான்சிஸ்டர் இருப்பதால் சிறிது மின்னழுத்தம் வேண்டும். என் ரேடியோ அதைத் தனிப் பின்னில் தருகிறது. அங்கிருந்து 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கேப்ஸ்யூலுக்கு, கேப்ஸ்யூலிலிருந்து ஒரு கெபாசிட்டர் வழியாக மைக் பின்னுக்கு. கேப்ஸ்யூலின் இரு பட்டைகளுக்கும் குறுக்கே 102 என்று எண் போட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்று. அது இல்லாவிட்டால் மொட்டை மாடி டைபோல் ஆண்டெனாவிலிருந்து வரும் ஆர்எஃப் (ரேடியோ அலை) மைக்குக்குள் புகுந்து குரலைக் கரகரக்க வைக்கும்.

கனெக்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐகாம், கென்வுட், யாஎசு ஆகிய மூன்று கம்பெனி ரேடியோக்களிலும் அந்த வட்டமான 8 பின் பிளக் ஒரே மாதிரி பொருந்தும், ஆனால் உள்ளே இணைப்பு வேறு. மைக் சிக்னல் ஐகாமிலும் கென்வுட்டிலும் 1ஆம் பின், யாஎசுவில் 8. பிடிடி (பேசும்போது அழுத்தும் சுவிட்ச்) ஐகாமில் 5, கென்வுட்டில் 2, யாஎசுவில் 6. ஐகாமில் மைக் பின்னிலேயே டிசி வரும். எலக்ட்ரெட்டுக்கு அது வசதி. ஆனால் டைனமிக் மைக் போட்டால் நடுவில் கெபாசிட்டர் கட்டாயம். புதிய ரேடியோக்களில் சதுர மாடுலர் பிளக்கும் வருகிறது. கையேட்டில் இருக்கும் பின் படத்தைப் பார்க்காமல் எதையும் செருக வேண்டாம்.

முடிவு அருமையாக வந்தது. மைக் கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) பாதிக்குக் கீழே இறக்கியும் சிக்னல் தாராளமாக இருக்கிறது. நெரிசலில் முதல் அழைப்பிலேயே எதிர்முனையில் பதில் வருகிறது. அன்றிலிருந்து நான் கரூர்க்காரன்தான், யாரும் என்னை அரூருக்கு அனுப்புவதில்லை. இவ்வளவு சின்னப் பொருள் இப்படி ஒரு வேலை செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம்தான் ஃபேன்.

கரூர் வெயிலில் ரேடியோ அறையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. பழைய டைனமிக் அந்தச் சத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்தக் கேப்ஸ்யூலோ எல்லாப் பக்கமும் கேட்கும் வகை. பிடிடியை அழுத்திவிட்டு வாயே திறக்காமல் இருந்தாலும் பவர் மீட்டர் முள் எழுந்து நிற்கிறது. எஸ்எஸ்பியில் பேசாதபோது முள் கீழே கிடக்க வேண்டும். மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ஸ்பீச் கம்ப்ரஸரைப் போட்டால் இன்னும் மோசம்: வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அது ஃபேனைத் தூக்கிக் கொடுக்கிறது. "சார், ஃபேனை நிறுத்திட்டுப் பேசுங்க" என்று இதுவரை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்!

செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். கேப்ஸ்யூலுக்கும் மைக் பின்னுக்கும் நடுவில் இருக்கும் கெபாசிட்டரை 0.22 மைக்ரோஃபாரடாகக் குறைத்தேன். 2.2 கிலோ ஓமும் 600 ஓம் மைக் உள்ளீடும் சேர்ந்தால் அது சுமார் 260 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். உறுமல் போனது, காற்றின் இரைச்சல் போகவில்லை. மைக் துளைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் வைத்தேன். கொஞ்சம் பலன் இருந்தது. பெரிய பலன் கிடைத்தது வாய்க்கு அருகில் பிடித்ததில். 10 சென்டிமீட்டரில் பேசுவதை 2.5 ஆக்கினால் குரல் 12 டெசிபல் அளவுக்கு ஏறும், ஃபேன் அப்படியே நிற்கும், அதற்கேற்பக் கெயினைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் "ப" சொன்னால் மூச்சுக்காற்று மைக்கில் டப்பென்று அடிக்கும். மைக்கைக் கன்னத்தோரம் சாய்த்துப் பிடித்துப் பேச வேண்டும். அரை மணி நேரம் அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. இத்தனை செய்தும் சித்திரை மாதத்தில் நான் ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கத்தான் பேசுகிறேன். உண்மையிலேயே கோபம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால் குறை கேப்ஸ்யூலுடையது அல்ல. அமைதியான அறையில் அதற்கு ஈடாக எதையும் நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் உங்கள் வீடு காந்திபுரத்தில், ஜன்னலுக்குக் கீழே பஸ் ஹாரன். எனவே நீங்கள் மாற்றாதீர்கள் சார். வாய்க்கு முன்னால் மைக்கை நிறுத்தும் பூம் (நீளக் கம்பி) வைத்த, சத்தம் தணிக்கும் டைனமிக் ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள். அதன் மைக்கில் பின் பக்கத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை அடைத்தால் சத்தம் தணியாது. கூடவே பிடிடிக்குக் கால் சுவிட்ச் ஒன்று. காசு அதிகம்தான், பரவாயில்லை.

நான் மட்டும் இதை விடுவதாக இல்லை. பழைய இன்செர்ட்டைக் கேட்டு வந்த இன்னொரு ஹாமுக்குக் கொடுத்துவிட்டேன்.