வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பவா, பெட்டியில் போடவா?

அமெரிக்காவில் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வந்துவிட்டது. திருப்பி அனுப்ப எது நல்லது: அஞ்சலா, வாக்குச்சீட்டைப் போட தேர்தல் அலுவலகம் வைக்கும் பெட்டியா?

செலவு
அஞ்சல்: கலிபோர்னியா, வாஷிங்டனில் தபால்தலை தேவையில்லை. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.
பெட்டி: இலவசம், போய்வரும் அலைச்சல் மட்டும்தான்.

கெடு
அஞ்சல்: சிக்கலே இங்கேதான். கொலராடோவில் தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் சீட்டு தேர்தல் அலுவலகத்தின் கைக்கு வந்திருக்க வேண்டும். அஞ்சல் முத்திரையின் தேதி செல்லாது. கலிபோர்னியாவில் 2024-இல் தேர்தல் நாள் முத்திரை இருந்தால் 7 நாள் வரை ஏற்றார்கள். ஆனால் நீங்கள் அஞ்சலில் போட்ட நாளிலேயே முத்திரை விழும் என்று உறுதியில்லை. குறைந்தது ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்கிறது அஞ்சல் துறை.
பெட்டி: பல மாநிலங்களில் வாக்குப்பதிவு முடியும்வரை போடலாம். முத்திரைக் கவலையே கிடையாது.

வசதி
அஞ்சல்: வாசலிலேயே வேலை முடியும்.
பெட்டி: எங்கும் இருக்காது. டெக்சாஸில் அனுமதியே இல்லை.

எண்ணிக்கை
எப்படி அனுப்பினாலும், உறையில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்கும் மாநிலங்களில் அது பொருந்த வேண்டும். சீக்கிரம் சேர்ந்தால், பிழையைத் திருத்த அவகாசம் தரும் மாநிலங்களில் நேரம் மிஞ்சும். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் உறையைப் பிரிக்கவே கூடாது. அங்கே முடிவு தாமதமானால் அஞ்சலைத் திட்டிப் பயனில்லை, சட்டம் அப்படி.

நடமாட முடியாதவர்களுக்கும் பெட்டி தொலைவில் இருப்பவர்களுக்கும் அஞ்சல் சரி, முன்கூட்டியே அனுப்பினால். கடைசி வாரம் வந்துவிட்டதா? பெட்டிதான். அதுவும் இல்லையென்றால், தேர்தல் அலுவலகத்தில் நேரில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.