பத்தவைத்த டேங்கோடு இரண்டேகால் வருஷம்

போன வாரம் தேவகோட்டை மச்சினன் போன் செய்தான். "அயித்தான், வண்டி டேங்க் அடியில கசியுது. நீங்க பத்தவச்சுத்தானே ஓட்டுறீக? நானும் பத்தவைக்கவா, இல்ல புதுசு போடவா?" பத்தவைப்பது என்றால் ஓட்டையில் தகடு வைத்து, உலோகத்தை உருக்கி அடைப்பது. இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். அந்த இரண்டு வார்த்தை நியாயம்தானா என்று எனக்கே சந்தேகம். அதனால் முழுக்கதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டி அப்பச்சி வாங்கியது. கார்புரேட்டர் வைத்த நூறு சிசி பைக். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினம் போய்வருவேன். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை, ஊரில் வீட்டுக்கு ஒன்று நிற்கிற வண்டிதான்.

ஓட்டை விழுந்ததற்குக் காரணம் நான். ஐப்பசியில் சென்னைக்கு வேலையாகப் போனவன் தை பிறந்துதான் திரும்பினேன். அத்தனை நாளும் கால் டேங்க் பெட்ரோலோடு வண்டி பின்கட்டில், சைடு ஸ்டாண்டில், இடப்பக்கம் சாய்ந்தபடி நின்றது. டேங்கில் காலியாகக் கிடக்கிற இடத்தில் ஈரக்காற்று ராத்திரிக் குளிருக்கு வேர்க்கும். அந்தத் தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பின் குழாய் அடித்தகட்டிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் கடைசித் தண்ணீர் வெளியே வர வழியே கிடையாது. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் வேறு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள் என்பதால் எல்லோரும் எத்தனாலைத்தான் திட்டுகிறார்கள். நானும் திட்டினேன். ஆனால் டேங்கை நிரப்பி வைக்காமல் ஊருக்குப் போனது எத்தனால் இல்லையே.

இதில் ஒரு வேடிக்கை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதெல்லாம் அங்கே பெரிய ஆராய்ச்சி. அந்த மதில் ஓரமாகத்தான் நான் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே போயிருக்கிறேன்.

முதல் நாள் குளிக்கிற சோப்பைக் கிள்ளி ஓட்டையில் தேய்த்தேன். சிரிக்காதீர்கள், சோப்பு பெட்ரோலில் கரையாது, வீடு வந்து சேர அது போதும். அப்புறம் இரண்டு களிம்பைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுகிற எபாக்சி. பெயின்டைச் சுரண்டாமல் மேலேயே அப்பினேன். மூன்று மாதம் நின்றது. பிறகு அடியில் பெட்ரோல் புகுந்து, ஒருநாள் கொழுக்கட்டை மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்காரரிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர். கல்யாண வீட்டு அண்டா, தவலை, குண்டானையெல்லாம் பத்தவைத்த கை. டேங்கைக் கழற்றிக் கொடுத்ததும் நெருப்பை எடுப்பார் என்று பார்த்தால் சோப்புப் பொடியை எடுத்தார். நாலு தடவை கழுவினார். "பெட்ரோல் நெறஞ்ச டேங்குக்கு இல்ல தம்பி, காலி டேங்குக்குத்தான் பயப்படணும்" என்றார். சரிதான். பற்றுவது பெட்ரோலின் ஆவி. அது காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே வெடிக்கப் போதும்.

அப்புறம் ஸ்குரூடிரைவர் முனையால் ஓட்டையைச் சுற்றித் தட்டினார். குண்டூசி அளவு என்று நான் நினைத்தது அப்பளம் மாதிரி நொறுங்கி ஒரு ரூபாய்க் காசு அளவாயிற்று. "இம்புட்டுத்தான் நல்ல தகடு" என்று நகத்தால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். மூடியை இறுக்கி, டேங்கைக் குப்புறக் கவிழ்த்து, டேப் இருந்த துளை வழியாகத் தண்ணீர் ஊற்றினார். ஓட்டைக்கு இரண்டு விரல் கீழே வந்ததும் நிறுத்தினார். தண்ணீர் தகட்டைத் தொட்டால் சூடு ஏறாது, ரொம்பக் கீழே நின்றால் ஆவிக்கு இடமாகிவிடும். துளையைத் திறந்தே வைத்துவிட்டு, தகட்டை வெட்டி வைத்து, வெங்காரம் தூவி, பித்தளைக் கம்பியை ஓரம் முழுக்க உருக்கி ஓடவிட்டார். வீடியோ பார்த்து வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

கூலி 400. இந்த இரண்டேகால் வருஷத்தில் பத்தவைத்த இடத்திலிருந்து ஒரு சொட்டு கசியவில்லை. மழை, சித்திரை வெயில், எங்கள் தெருவின் பள்ளம் எல்லாம் பார்த்துவிட்டது. டேங்கின் மற்ற இடம் போனாலும் அந்த இடம் போகாது. பெயின்டுக்கு 700 ஆனது, நிறம் ஒட்டவில்லை, அது கிடக்கட்டும்.

என் பிராணனை வாங்குவது பில்டர்.

டேங்கைத் திருப்பித் தரும்போது அவர் சொல்லித்தான் அனுப்பினார்: நட்டு நாலு கைப்பிடி போட்டு, வினிகர் ஊற்றி நன்றாகக் குலுக்கு, சோடா உப்புத் தண்ணீரில் அலசு, உடனே காயவைத்து உள்ளே பெட்ரோலைச் சுழற்றிவிடு என்று. ஆத்தாகூட, "பித்தளைக்குப் புளி போடுற மாதிரி இதுக்கும் போடேன்டா" என்றது. சிரித்தேன். புளியும் அமிலம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. வினிகரில் பத்து நிமிஷம் குலுக்கினேன், கை ஓய்ந்தது. அலசி ஈரத்தோடு ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன். காலையில் எட்டிப் பார்த்தால் உள்ளே பூராவும் மஞ்சள் பூசிக் குளித்தது போல் துரு.

அன்றிலிருந்து டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் 40 ரூபாய் பிளாஸ்டிக் பில்டர். புதிதாகப் போட்ட அன்று பளிச்சென்று இருக்கும். பத்து நாளில் அடியில் ஒரு பழுப்புக் கோடு, ஒரு மாதத்தில் டிகாக்‌ஷன் மண்டி. தினம் காலையில் குனிந்து பார்க்காமல் வண்டியை எடுக்க முடியவில்லை. "வண்டிக்குத் தெனமும் கும்பிடு போடுறீகளா?" என்கிறாள் வீட்டில். ஒருநாள் பார்க்காமல் போனால் தேவகோட்டை ரஸ்தா தாண்டியதும் இருமும். ரிசர்வில் போட்டால் இன்னும் மோசம், அது அடிமண்டியிலிருந்தே இழுக்கும். அப்புறம் வெயிலில் தள்ளவேண்டியதுதான்.

கணக்குப் போட்டேன். பத்தவைத்த கூலி 400, பெயின்ட் 700, கார்புரேட்டரை ஐந்து தடவை கழற்றிச் சுத்தம் செய்ததற்கு 1,250, பில்டர் பதினாலுக்கு 560. ஆக 2,910. புது டேங்குக்கு அன்றைக்குச் சொன்ன விலை 4,200. லாபம் எனக்குத்தான். பத்தவைத்த வேலையும் அருமை, கூலியும் குறைவு, தப்பு முழுக்க என்னுடையது.

ஆனாலும் மச்சினனிடம் நான் சொன்ன இரண்டு வார்த்தை "புதுசு போடு" என்பதுதான். பில்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த நேரத்தில் போன் வந்தது. முதல் நாள் புது பில்டர் மாட்டியபோது கேட்டிருந்தால் பட்டறைக்கு நானே கூட்டிப்போயிருப்பேன். பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான். புதுசு போடு தம்பி. கடைக்குப் போகிறபோது என் வண்டி மாடலுக்கும் டேங்க் என்ன விலை என்று கேட்டுவை. வாங்கப்போவதில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.